வலது கைப் பக்கம் ரிஜெக்ட்

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறாள் சோபனா. ஒருமுறை தடவினால் போதும், அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது என்பதுவரை சொல்லிவிடுவாள். நல்ல தோல் இடது பக்கம், ரிஜெக்ட் வலது பக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் அதே கைகள் சம்பத்தின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும்.

போன வாரம் சம்பத் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னாம்மா, எல்லா கல்யாணத்துலயும் அதே புல்லாங்குழல், அதே வயலின். ஜனங்க போன நோண்டிக்கினு இருக்காங்க. வர்ற ஞாயித்துக்கெழம புதுசா ஒரு சவுண்டு வரலன்னா வேலூர்ல வேற ஆளப் பாத்துக்கறேன்."

மேடையும் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது? தோல், தோல், தோல்தான்.

குழுவில் பாடும் சௌந்தர்யாதான் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். "சின்தசைசர் சத்தமா ஒண்ணொண்ணா போடும்க்கா. புடிச்சா வலது பக்கம் தள்ளு, புடிக்கலன்னா இடது. உன் ருசியக் கத்துக்கினு அதுவே புதுசா ஒரு சவுண்டு செஞ்சு குடுக்கும்."

சோபனா தலையாட்டினாள். கேட்டதெல்லாம் காதுதான், கை கேட்கவில்லை. பஸ்ஸில், டீ இடைவேளையில், குழம்பு கொதிக்கும்போது என்று நானூறு சத்தங்களைப் பிரித்துத் தள்ளினாள். தேனாக இனித்ததா? இடது. கரகரவென்று இருமியதா? வலது. பதினோரு வருட வேகம்!

செயலி தன் புதுச் சத்தத்தைச் செய்து முடித்தபோது ஞாயிற்றுக்கிழமை குழுவின் வேன் கல்யாண மண்டபத்து வாசலுக்கே வந்துவிட்டது. கேட்டுப் பார்க்க நேரமில்லை. கீபோர்டில் ஏற்றிக்கொண்டு மேடையேறினாள். மணப்பெண் மோகனா உள்ளே நுழைய, சோபனா கட்டையை அழுத்தினாள்.

சளி பிடித்த ஆடு ஒன்று குக்கருக்குள் உட்கார்ந்து விசிலடித்தது.

பிரியாணி பரிமாறியவர் கரண்டியோடு நின்றார். சம்பத் முறைத்த முறைப்பில் சோபனா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். ஐயோ, வலது! பழைய புல்லாங்குழலுக்கு மாற ஒரு பொத்தான் போதும். ஆனால் அது வேலையைப் பறிக்கப்போகிற புல்லாங்குழல் ஆயிற்றே! அவளுக்குள்ளிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆனது ஆகட்டும் என்று பாட்டு முழுவதையும் ஆட்டை வைத்தே வாசித்தாள்.

ஒரு குழந்தை "மே..." என்று பதில் கொடுத்தது. மாப்பிள்ளையும் "மே..." என்றான். மோகனா விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடியபடியே நடந்துவந்தாள். போன்கள் எல்லாம் மேடைப் பக்கம் திரும்பின.

பாட்டு முடிந்ததும் சம்பத் கிட்டே வந்தார். "இது இன்னா சவுண்டு?"

"ரிஜெக்ட்டுணா."

அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா கீழேயிருந்து கத்தினார். "அந்த ஆட்டுப் பாட்டு இன்னொரு தபா போடுங்கம்மா!"

நாலு தபா போட்டார்கள். மூட்டை கட்டும்போது சம்பத் தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரத்துக்கு இதவிட மோசமா ஒண்ணு ரெடி பண்ணும்மா."

சோபனா வேனில் ஏறியதும் போனைத் திறந்தாள். முதல் சத்தம் குயிலாக இனித்தது. யோசிக்காமல் இடது பக்கம் தள்ளினாள்.