ஆமென் வரைக்கும் பிரேக்

"பரம பிதாவே, இந்தப் பிள்ளைக்கு இடது எது, வலது எதுன்னு நீரே காட்டும்" என்று நடுச் சாலையில் வண்டியை நிறுத்தி, ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அக்கா கண்ணை இறுக மூடிவிட்டார். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறார். அழுத்தட்டும். ஸ்டியரிங் கற்றுக்கொள்கிறவர் கையில் இருந்தாலும் பக்கத்து இருக்கையின் காலடியில் ஒரு உபரி பிரேக் இருக்கிறதே, அதை அக்கா மிதித்தால் மிதித்ததுதான். ஜெபம் முடிந்தால்தான் கால் எழும்பும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் டிரைவிங் ஸ்கூலில் எவருக்கும் ஞாபகமில்லை. ஆமென் அக்கா, அவ்வளவுதான்.

வயது ஐம்பத்திரண்டு. ஆண்கள் போடுகிற கனத்த ஷூ, அதில் பிரேக் மிதிக்கிற காலின் அடி மட்டும் தேய்ந்து அப்பளமாகியிருக்கும். பின் இருக்கையில் ஆள் இல்லாமலே சீட் பெல்ட் மாட்டியிருக்கும். யாராவது தெரியாமல் பையை அங்கே வைத்தால் போச்சு. "எடு, எடு! ஆண்டவர் உக்காந்திருக்கார்."

"அவருக்கு எதுக்குக்கா பெல்ட்டு?"

"அவருக்கு வேணாம். போலீஸ்காரருக்கு வேணும்."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் இருபத்திரண்டு நாளாக மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மூச்சைக்கூட இயந்திரம்தான் விடுகிறது. தினமும் பத்து மணிக்கு வார்டு நர்ஸ் போனில் நிலவரம் சொல்வார். அதுவரை அக்கா போனை மடியிலிருந்து எடுக்கமாட்டார். லீவு போட்டு வீட்டில் இருக்கச் சொன்ன தங்கையிடம், "வீட்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா? வண்டியில ஆண்டவர் இருக்கார், ரோட்ல திட்டுறதுக்கு நாலு பேர் இருக்காங்க. பொழுது போகுது" என்று சொல்லிவிட்டார். ஆண்டவரையும் அவர் சும்மா விடுவதில்லை. "உமக்கு அவர் எதுக்கு? அவர் குறட்டையை என்னைத் தவிர ஒருத்தரும் தாங்க முடியாது. பரலோகமே தூங்காது, பாத்துக்கும்."

இப்படியே ஓடியிருக்கும், புதன்கிழமை வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல்காரி ஸ்டியரிங்கில் உட்காராமல் இருந்திருந்தால். மற்றவர்கள், அக்கா ஜெபிக்கும்போது திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார்கள். இவளோ அக்காவின் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். "பரம பிதாவே" என்று காதில் விழுந்தால் தொட்டில் பழக்கத்தில் இமை தானாக மூடிக்கொள்ளும்.

வண்டி முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது நர்ஸிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நாளைக்குக் காலைல மூச்சுக் குழாயை எடுத்துப் பாக்கறாங்க. அவரா மூச்சு விட்டாத்தான்..." மிச்சத்தை அக்கா கேட்கவில்லை. "பரம பிதாவே!" என்றவர், வாழ்நாளில் முதல் தடவையாகப் பிரேக்கை மறந்துவிட்டார். தையல்காரியும் பக்தியோடு கண்ணை மூடினாள்.

சாலை வளைந்தது. வண்டி வளையவில்லை. நேரே போய், வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸுக்குள் நுழைந்து, சக்கரக் கட்டையில் முட்டி மூச்சை நிறுத்தியது. அங்கிருந்தவர், ஏதோ கிராக்கி வந்திருக்கிறது என்று தண்ணீரைத் திறந்துவிட்டார். இருவரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் வெள்ளமும் நுரையும்.

"ஐயோ அக்கா, செத்துட்டோமா?"

"செத்தா இவ்வளவு ஷாம்பு வாசனை வராதுடி."

கழுவுகிறவர் கண்ணாடியைத் தட்டினார். "உள்பக்கமும் கழுவணுமாக்கா?"

அன்று மாலைக் கூட்டத்தில் அக்கா சாட்சி சொன்னார்: "ஒரு கீறல் இல்ல! வண்டியும் பளபளன்னு ஆயிடுச்சு!" சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. தையல்காரி மட்டும் தட்டவில்லை. போதகர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபிச்சாலும் அவருக்குக் கேக்கும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அதெப்படிங்கய்யா? பேசற ஆளோட முகத்தைப் பாக்க வேணாமா? கண்ணை மூடினாத்தானே எனக்கு அவர் முகம் தெரியுது."



வியாழக்கிழமை காலை டாக்டர் குழாயை உருவினார். இருபத்துமூன்று நாள் ஓயாமல் இரைந்த இயந்திரம் நின்றது. அறை அப்படியே அடங்கிப்போனது. வீட்டுக்காரரின் நெஞ்சு அசையவில்லை. "என்னங்க, விடுங்க, மூச்சை விடுங்க" என்று அக்கா கெஞ்சினார். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்தது வருமா என்று டாக்டரே குனிந்து பார்த்தார்.

"ஜெபம் பண்ணுங்கக்கா" என்றார் நர்ஸ்.

"பரம பிதாவே..." என்று அக்கா தொடங்கினார். தொடங்கி, ஒரு கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.