சவுண்டு வைங்க அண்ணே

விசிலுக்குக் கோபம் எப்பவும் மூக்குமேல்தான். கத்தரிக்கோலைப் பிடித்தால் பூ மாதிரி கை. கால்பந்து மைதானத்துப் பக்கம் போனால் ஆளே வேறு.

இருபத்திரண்டு வருஷமாக மூன்று நாற்காலி போட்ட சலூன் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, ஆட்டத்தைப் படம் பிடிக்கப் போனை ஒரு குச்சியில் கட்டி எடுத்துக்கொண்டு, தன் டீமின் கோல்போஸ்டுக்குப் பின்னால் தனியாகப் போய் நின்றுவிடுவார். விரலை மடக்கி வாயில் வைத்து அவர் அடிக்கிற விசிலைக் கேட்டு நடுவரே இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை கடை டிவியில் ரீப்ளே ஓடும். சத்தம் மட்டும் கிடையாது, அது கடைச் சட்டம். வர்ணனை விசிலே சொல்வார், நுரை பூசிய கன்னத்துக்குப் பக்கத்தில் கத்தியை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு. போனில் பதிவாகிற இரைச்சலை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

டீமின் டிஃபண்டர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. கடப்பாரை என்பார்கள். அப்பா போன பிறகு விசில்தான் அவனை வளர்த்தார். முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், "பயந்தா இந்த இடத்துல நிக்க முடியாதுடா" என்று முறுக்கேற்றி விட்டதும் அவர்தான். ஆறடி வளர்ந்தும் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அவன் எதையும் செய்யமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் டீமின் ஒன்பதாம் நம்பர் கடப்பாரையை இரண்டு தடவை ஏமாற்றி இரண்டு கோல் போட்டுவிட்டார். டவுன் பஸ் ஓட்டுகிறவர், கால் மட்டும் பம்பரம். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பறக்க, எல்லார் கண்ணும் அதன் பின்னால் போனது. இந்தக் கோடியில் கடப்பாரை முழங்கையை வீசினான். பல் தெறித்தது. மல்லாந்து விழுந்தவர் கையூன்றி எழப் பார்த்தார், விலாவில் ஒரு உதை. அப்புறம் ஆணி வைத்த பூட்ஸை முகத்தில் இறக்கினான். நின்றான். கோல்போஸ்ட் பக்கம் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் இறக்கினான். புல்லெல்லாம் ரத்தம்.

கடைசி மிதியை மட்டும் பார்த்த நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். பஸ்காரருக்குத் தாடை இரண்டாகப் பிளந்துவிட்டது. இடது கண் போய்விட்டது.

திங்கட்கிழமை சலூனில் அனல் பறந்தது.

"கோட்டுக்குள்ள நடந்தது கோட்டுக்குள்ளயே முடியணும்" என்றார் முடிவெட்ட வந்திருந்த எலக்ட்ரீஷியன். "அட்டை காட்டியாச்சு, பத்து மேட்ச் வெளியே உக்கார வெச்சாச்சு. இதுக்குப் போய் போலீஸா? அப்புறம் எவன் பந்தைத் தொடுவான்?"

"பந்து எங்கயோ கிடக்கு, இவன் மூஞ்சிய மிதிக்கிறான். இதுக்குப் பேர் ஆட்டமா?" பக்கத்து நாற்காலியில் இருந்த கூரியர்காரர் எழுந்தே விட்டார். "இதையே ரோட்டுல பண்ணியிருந்தா இந்நேரம் உள்ள வெச்சிருப்பாங்க. கோடு போட்டா கொலைகூட பண்ணலாமா?"

எலக்ட்ரீஷியன் அவர் சட்டையைப் பிடித்தார். கூரியர்காரர் ஒரு தள்ளு தள்ள, எலக்ட்ரீஷியனின் தலை கண்ணாடியில் மோதி, கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. விசில் பாய்ந்து வந்து கூரியர்காரரின் கழுத்தை நாற்காலியோடு அழுத்தினார். மறு கையில் சவரக்கத்தி.

"என் தம்பியும் போலீஸும்னு சேர்த்துப் பேசினே, நாக்கை அறுத்துடுவேன்! அந்த பஸ்காரன் எங்க அம்மாவைத் திட்டினான்டா! செத்துப்போன எங்க அம்மாவை! தம்பி சொன்னான். கேட்டுக்கிட்டுச் சும்மா நிப்பானா?"

"எங்க வீட்டுக்காரர் அப்படிப் பேசமாட்டார் அண்ணே."

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பஸ்காரரின் மனைவி. தோளில் ஆஸ்பத்திரிப் பை. விசிலின் கை தானாக இறங்கியது.

"ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். கால் தெரியாம பட்டுதுன்னு உங்க டீம் எழுதிக் குடுத்திருக்காம். சாட்சி இருக்கான்னு கேக்குறாங்க. உங்க போன்ல எல்லாம் இருக்காமே."

"இருக்கும்மா. ஏன் இல்லாம? நல்லாப் பாருங்க" என்று விசில் போனை டிவியோடு இணைத்தார். அவருக்கு மடியில் கனமில்லை. படம் ஓடியது. முழங்கை, உதை, பூட்ஸ். அவள் கண்ணை மூடவில்லை.

"சவுண்டு வைங்க அண்ணே. அவர் வாயைக் கட்டிப் போட்டிருக்காங்க, அவரால சொல்ல முடியல. என்ன திட்டினார்னு நானும் கேட்டுக்கறேன்."

"கேளுங்க! ஊரே கேக்கட்டும்!" விசில் ரிமோட்டை எடுத்து, கடைச் சட்டத்தைத் தானே உடைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

பஸ்காரர் யாரையும் திட்டவில்லை. "விட்டுடு தம்பி, விட்டுடு" என்று ரத்தம் கொழகொழக்கக் கெஞ்சினார். அதற்கும் மேலாக, போனுக்கு ஒரு முழத்தில், ஒரு குரல் வெறிபிடித்துக் கத்தியது.

"மிதிடா! மூஞ்சியப் பார்த்து மிதி!"

பூட்ஸ் இறங்கியது. கடப்பாரை நின்றான். இந்தப் பக்கம் திரும்பினான். மூச்சு வாங்க அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. "போதும்ணே... போதும்."

"என்னடா போதும்? கண்ணுல மிதி! இனி எந்திரிக்கவே கூடாது அவன்!"

பூட்ஸ் மறுபடி இறங்கியது.

விசில் போனை அழுத்திப் படத்தை நிறுத்தினார். ஐயோ, அது அவர் குரல்தான். கத்தினது ஞாபகமே இல்லை. அம்மா கதையைத் தம்பி எதற்குச் சொன்னான் என்பது மட்டும் புரிந்துவிட்டது. அண்ணனைக் காப்பாற்றியிருக்கிறான், பாவி.

எலக்ட்ரீஷியன் நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி கிட்டே வந்து, "அழிச்சுடுண்ணே. வேற யார்கிட்டயும் இல்ல" என்றார் மெதுவாக.

விசில் போனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார். "வாங்கம்மா" என்று கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டேஷன் நாலு தெரு தள்ளி. வழியில் போன் மூன்று தடவை அடித்தது, மூன்றும் தம்பி. அவர் எடுக்கவில்லை.

காவலர் நோட்டைப் பிரித்தார். "யார் மேலம்மா புகார்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் விசில் போனை மேசைமேல் வைத்தார்.

"முதல் பேர் என்னோடது எழுதுங்க சார்" என்றார். "தம்பி பேர் அதுக்குக் கீழ."