கயிறில்லாத சாவி

அம்மா வண்டி பார்க்கும் முறை இது: பின்கதவைத் திறப்பாள், ஏறுவாள், படுத்துக்கொள்வாள்.

தலைநகர் உலான்பாத்தரின் கிழக்குக் கடைசியில் இருக்கும் கார்ச் சந்தையில் அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தாள். நான் பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி, வண்டிக்கு அடியில் புகுந்து சேஸிஸைத் தட்டிக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே நீட்டிப் படுத்து, கைகளை வயிற்றின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பனி உருகிய சேறு அப்பிய பூட்ஸை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டி வைத்திருப்பாள். வண்டிக்காரர்கள் கூடிச் சிரித்தார்கள்.

“அக்கா, வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். “நாளைக்கு இதுல படுத்துட்டு வரப்போறவன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவனுக்குப் பதிலா நான் படுத்துப் பார்க்கறேன்.”

அம்மா மருத்துவ உதவியாளர். சவ்கான் மலைப்பக்கத்தில், இரண்டு கணவாய்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் கூடாரக் குடும்பங்களுக்கு ஊசி, பிரசவம், காய்ச்சல், உடைந்த எலும்பு எல்லாம் அவள்தான். எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. இறந்தவர் பெயரை எங்கள் பக்கம் வாயால் சொல்வதில்லை. எழுதவும் கை வரவில்லை.

குதிரை, ஒட்டகம், மோட்டார் பைக், ஜீப் எல்லாவற்றுக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்தான்: உனா. ஏறிப் போவது எதுவானாலும் உனா. அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு உனா இருந்ததே இல்லை. நோயாளியின் வீட்டார் எதில் வருகிறார்களோ அதில் பின்னால் ஏறிப் போவாள். வைத்தியம் முடிந்ததும் அவர்களுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது கொண்டுவந்து விடுவார்கள். ஆடு குட்டி போடும் காலத்தில் யாருக்கும் ஒழியாது. நான் பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் அவள் இருக்க மாட்டாள். எங்கோ ஒரு கூடாரத்தில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்பா முன்பே போய்விட்டார். மோட்டார் பைக்கின் பின்னால் கல்லிலும் பள்ளத்திலும் குதித்துக் குதித்து அவள் முதுகுத்தண்டு கெட்டுப்போனது. நான் பேசியது எதற்கும் பதில் சொல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அது கோபம் என்று சின்ன வயதில் நினைத்தேன். அசதி.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் மருத்துவமனைத் தலைவர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். மருத்துவமனையிலிருக்கும் வண்டி ஒன்றே ஒன்று, அதை எல்லாப் பிரிவுக்கும் அனுப்ப முடியாது. இனிமேல் வண்டி வைத்திருப்பவருக்குத்தான் மலைப்பிரிவு. அவள் விரும்பினால் மருந்துக் கிடங்கில் உட்காரலாம், இல்லாவிட்டால் முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கிக்கொள்ளலாம். அவளுக்குப் பதிலாக யார் போவார்கள் என்று கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்றாராம். பார்க்கலாம் என்றால் யாரும் போக மாட்டார்கள் என்று அர்த்தம்.

அதனால் கம்பளி விற்ற பணத்தையும் சேமிப்பையும் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறி நகரத்துக்கு வந்தாள். நான் தெற்கே ஒரு சுரங்கத்தில் லாரிகளின் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டேன். அந்த ஒரு வாரத்துக்குள் அவள் கையிலிருக்கும் பணத்துக்கு, கணவாய் ஏறக்கூடிய நாலு சக்கர வண்டி ஒன்று கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்துக் கிடங்கு.

அந்தப் பணத்துக்கு வரும் வண்டிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே புதுப் பெயிண்ட், அடியில் பட்டி பூசி மறைத்த துரு. நாலு சக்கர கியரைப் போட்டால் லீவர் மட்டும் அசையும், முன்சக்கரம் அசையாது. சூடாக இருக்கும் என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினால் பார்க்கவே வேண்டாம்; ஆறியபின் அது கிளம்பாது என்பதால்தான் நாம் வருமுன்பே சூடாக்கி வைத்திருப்பார்கள். காலையில் போய் ஒவ்வொரு பானெட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புழுதிக் காற்று. அம்மா பின்னாலேயே வந்தாள். மதியம் தகரக் கடையில் உப்புத் தேநீரும், கறி வைத்துப் பொரித்த ஹூஷூரும். அதற்குப் பிறகு அவளால் வேகமாக நடக்க முடியாது.

நாலாம் நாள் நல்ல வண்டி ஒன்று கிடைத்தது. பழைய ஜப்பான் வேன். சேஸிஸ் சுத்தம். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் ஒரே அளவு. கியர் விழுந்த உடனே முன்சக்கரம் பிடித்தது. புகை இல்லை. விற்பவன் தோல் தொப்பி போட்ட ஒரு வியாபாரி, அதிகம் பேசாதவன். அம்மா உள்ளே படுத்துப் பார்த்து, கால் நீட்ட இடம் போதும் என்றாள். பேரமும் படிந்தது. அவன் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். வளையம், வளையத்தில் தொங்கிய பித்தளைக் குதிரைத்தலை, பாட்டில் திறப்பான், எல்லாம் சேர்ந்த கொத்து.

அம்மா உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். அவள் கொத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வேணாம்ப்பா.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. எங்கள் பக்கம் குதிரையை விற்றால் கயிற்றை உருவிக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிடரியில் இரண்டு மயிரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். குதிரை போனாலும் அதன் அருள் வீட்டில் தங்க வேண்டும் என்பதற்காக.

சந்தைக்கு வெளியே வந்ததும் கேட்டேன். “அம்மா, அது குதிரை இல்ல. வேன்.”

“தெரியுது. கயித்தோட உனாவைக் கொடுக்கறவன் ஒண்ணு திருடினவனா இருக்கணும், இல்ல தொல்லை ஒழிஞ்சுதுன்னு கொடுக்கறவனா இருக்கணும்.”

“அவன் வியாபாரிம்மா. விக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் கயிறு எடுத்து வெச்சான்னா, வீட்ல கயித்துக் கடைதான் போடணும்.”

அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. ஆனால் திரும்பிப் போகவில்லை.

அது நல்ல வண்டி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் செவ்வாய், அவள் எதுவும் வாங்க மாட்டாள். நாங்கள் தங்கியிருந்த அறையில் படுத்திருந்தாள். முதுகுக்குச் சூடு வைத்தேன். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். குழாயைத் திறந்தால் வெந்நீர், கதவைத் திறந்தால் கடை. சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அங்க வந்து நான் யாருக்குக் காத்திருக்கறது?” என்றாள்.

புதன்கிழமை, சந்தையின் ஓரத்தில், வியாபாரிகள் நிற்கும் வரிசையைத் தாண்டி, ஒரு கிழட்டு பூர்கோன் நின்றிருந்தது. வெட்டாத முழு ரொட்டி போல உருவம் உள்ள அந்த ருஷ்ய வேனை எங்கள் ஊரில் குழந்தையும் வரைந்துவிடும். விற்க வந்தவர் கோம்போ என்ற பெரியவர். ஆர்ஹாங்காயில் பாலும் கம்பளியும் ஏற்றிக்கொண்டிருந்தவர். கண் மங்கிவிட்டது, ஓட்ட முடியவில்லை என்றார். என்ஜின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. இரண்டாவது முறையில் கிளம்பியது.

அடியில் போய்ப் படுத்தேன். நாலு சக்கர கியர்ப்பெட்டியில் ஆயில் கசிவு. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மாற்றியது. சேஸிஸில் ஓரிடத்தில் வெல்டிங், ஆனால் ஒழுங்கான வெல்டிங். ஒரு சிலிண்டர் பலவீனம். ஒரு விஷயம் மட்டும் நன்றாக இருந்தது: என்ஜின் உள்ளேயே, முன் இருக்கை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பனிப்புயலில் கெட்டுப்போனால் இறங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே மூடியைத் திறந்து பழுது பார்க்கலாம். ஓடும், ஆனால் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா பின்பெஞ்சில் தூங்கிப்போயிருந்தாள். நிஜமான தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எழுப்பப் போனேன். கோம்போ என் கையைப் பிடித்தார். “விடு தம்பி. மனுஷி எத்தனை நாளாத் தூங்கலையோ.” கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நாங்கள் இருவரும் வண்டிக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக நின்று பேரம் பேசினோம். குசுகுசுவென்று பேசினோம். பக்கத்து வண்டிக்காரன் நாங்கள் ஏதோ திருட்டுச் சாமானைக் கைமாற்றுவதாக நினைத்து எட்டி எட்டிப் பார்த்தான். கசிவைச் சொன்னேன். தெரியும் என்றார். சிலிண்டரைச் சொன்னேன். அதுவும் தெரியும், குளிர்காலத்தில் முதலில் முனகும், அப்புறம் சரியாகிவிடும், எனக்கும் அப்படித்தான் என்றார்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்து, “முடிச்சிட்டீங்களா?” என்றாள். எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

கோம்போ சாவியை எடுத்தார். எண்ணெய் ஊறிக் கறுத்த தோல் வாரில் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கண் தெரியாததால் விரலாலேயே தேடித் தேடி அவிழ்த்தார். வெகுநேரம் ஆனது. நான் உதவப் போனபோது அம்மா கண்ணாலேயே தடுத்தாள். அவர் வாரை உருவி, அங்கியின் மார்மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். வெறும் சாவியை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஐந்து குளிர்காலம் அந்த வண்டி ஓடியது. மலைப்பிரிவு அம்மாவிடமே இருந்தது. காலையில் ஊதுவிளக்கை வைத்து ஆயில் தொட்டியைச் சூடாக்குவாள். இரவில் பாட்டரியைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுபோவாள். பின்பெஞ்சில் மூன்று குழந்தைகள் பிறந்தன. நோயாளிகள் இரண்டு பேர் அதில் இறந்தார்கள். பிழைத்தவர்களை அவள் எண்ணி வைக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாயைப் பின்னி, சாவிக்குக் கயிறு செய்துகொண்டாள்.

வண்டி கெட்டுப்போனால் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று எனக்கு போன் செய்வாள். பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவாள்.

“டக்… டக்… அப்புறம் கிர்ர்ர்ன்னு இழுக்குது.”

“கிர்ர் மேடு ஏறும்போதா, இறங்கும்போதா?”

“ஏறும்போது. இறங்கும்போது ஊஊன்னு அழுவுது.”

பக்கத்தில் சக ஊழியர்கள் சிரிப்பார்கள். நான் இன்ன போல்ட்டை இறுக்கு, இன்ன இடத்தில் ஆயில் ஊற்று என்பேன். எங்கள் பேச்சில் பாதி என்ஜின் சத்தம்தான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால், வண்டி நன்றாக இருக்கிறது என்பாள்.

பிறகு அம்மாவுக்கு ஈரலில் கட்டி. மருத்துவம் தெரிந்தவள், தனக்கு என்ன என்பது முன்பே தெரிந்திருக்கும். சொல்லவில்லை. நகரத்து மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, “பாட்டரியை உள்ள எடுத்து வெச்சாங்களா?” என்பதுதான். வைத்தார்கள் என்றேன். எனக்குத் தெரியாது.

அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, மாமா வீட்டு முற்றத்தில் நின்றிருந்த வண்டியைப் பார்க்கப் போனேன். சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேர் உதிரிப் பாகத்துக்காகக் கேட்டிருந்தார்கள். அப்போதுதான் நந்தின் வந்தாள். படிப்பு முடித்து வந்திருக்கும் பெண், மலைப்பிரிவுக்குப் போகத் தயார், ஆனால் வண்டி இல்லை. கொடுக்கக்கூடிய விலையைச் சொன்னாள். சரி என்றேன். பேரம் பேசத் தெம்பில்லை. கசிவு, சிலிண்டர், வெல்டிங் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். சாவியை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. கைகளை அங்கியின் நீண்ட கைகளுக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் மாறியது.

“அண்ணே, சொல்லாத கோளாறு ஏதாவது இருக்கா?”

“எல்லாத்தையும் சொல்லிட்டேனே.”

“அது இல்ல…” என்று நிறுத்தி, என் கையையே பார்த்தாள்.

பார்த்தேன். சாவியும், பின்னிய குழாய்க் கயிறும், அப்படியே என் கையில். கயிற்றோடு நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தோல் தொப்பிக்காரன் கொட்டாவி விட்டது நினைவுக்கு வந்தது. அவன் திருடனாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அவன் வீட்டிலும் யாராவது இல்லாமல் போயிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அப்படி நான் யோசித்ததே இல்லை.

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். குளிரில் ரப்பர் இறுகியிருந்தது. அம்மா போட்ட முடிச்சு, தையல் போடுகிறவள் முடிச்சு, லேசில் வராது. கையுறையைக் கழற்றினேன். நகத்தால் நெம்பினேன். நந்தின் உதவிக்கு வராமல் காத்திருந்தாள். மாமா தேநீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. கடைசியில் முடிச்சு விட்டது. கயிற்றை மார்மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வெறும் சாவியைக் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். மூன்றாவது முறையில் கிளம்பியது. ஜன்னலை இறக்கினாள்.

“வழியில ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு போன் பண்ணலாமா அண்ணே? எனக்கு என்ஜின் பேரெல்லாம் தெரியாது.”

“பேரு வேணாம்” என்றேன். “சத்தத்தை மட்டும் சரியாப் போட்டுக் காட்டு.”