காற்றில்லாமல் இரண்டு நாள்

நாலாவது மாடியில் காற்றே இல்லாமல் இரண்டு நாள் உயிரோடு இருந்தார்களாம் என்று கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் சொன்னார். அவருக்குச் சொன்னது காவலாளி, காவலாளிக்குச் சொன்னது லிஃப்ட்காரர். யார் அப்படி இருந்தார்கள் என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மாலையில் செய்தி மூடியக்காவின் கணவரை எட்டியபோது, இருந்தது மூடியக்காவேதான் என்றாகியிருந்தது. அவர் வாசலில் நின்று மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ இனிமே குறட்டை இருக்காதுல்ல?" என்றார்.

உண்மையில் அப்படி இருந்தவை குப்பியில் வளர்க்கும் உயிர்ச் செல்கள். நாலாவது மாடி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அவற்றுக்குத் தீனித் திரவம் மாற்றுகிறவள் மூடியக்கா. எதை மூடினாலும் உயிர்போக இறுக்குவாள் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் ஜாம் பாட்டிலைத் திறக்கக் கணவர் எதிர்வீட்டுக்காரரைத்தான் தேடிப் போவார். அவரோ பாட்டிலைப் பார்த்ததுமே தோள்பட்டை வலி என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியர் பிள்ளைபோல் போற்றிய ஒரு புரதம் உண்டு. காற்றில்லாமல் திணறும் செல்லுக்குள் உருக்குலையும் மற்ற புரதங்களுக்கு அது முட்டுக்கொடுக்கும். 'போதுமடா சாமி, செத்துவிடலாம்' என்று செல் எடுக்கும் முடிவைத் தள்ளிப்போடும். அந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும் செல்கள் ஆறு குப்பி மூடியக்கா பொறுப்பில். சாதாரணச் செல்கள் ஆறு குப்பி சக ஊழியர் நெட்டையர் பொறுப்பில். பன்னிரண்டும் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் போயின. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நெட்டையருடையவை செத்து மிதந்தன. மூடியக்காவுடையவை உயிரோடு குப்பியின் அடியில் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பேராசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை. கட்டுரையில் அவள் பெயரும் வரும் என்று சொல்லிவிட்டு மாநாட்டுக்கு விமானம் ஏறினார். அதுவரை அவள் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் விடுப்புப் பட்டியல். அன்று அவள் வழியெல்லாம் தன் பெயரை மனதுக்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

இன்று காலை அடுத்த பன்னிரண்டு குப்பிகள். பெட்டிக்குள் வைக்குமுன் நெட்டையர் தன் குப்பிகளின் ஒவ்வொரு மூடியையும் அரைச் சுற்று தளர்த்துவதை அவள் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள்.

"உள்ள இருக்கிற காத்து வெளிய போக வேண்டாமா, அக்கா? வழக்கமா வர்ற மூடியிலேயே காத்துத் துளை இருக்கும். அது தீர்ந்துபோச்சு. போன வாரத்துலேர்ந்து இந்தத் துளையில்லாத மூடிதானே? அப்பவும் தளர்த்தித்தான் வச்சேன்."

மூடியக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். போன வாரமும் அவள் இறுக்கித்தான் மூடியிருந்தாள். அவளுடைய செல்கள் மூச்சடக்கித் தவம் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு நாளைக்கு வேண்டிய காற்றைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொண்டு போயிருந்தன.

"போன வாரம் உங்க குப்பியைத் திறக்கும்போது இறுக்கமா இருந்துச்சா?" என்று நெட்டையர் மெல்லக் கேட்டார்.

"நான் மூடினது என்னிக்குத் தளர்வா இருந்திருக்கு?"

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு இந்த முடிவை அறிவிக்கப் பேராசிரியர் மாநாட்டு மேடையேறுவார். முதலில் அவள் கணவரைத்தான் அழைத்தாள், அழுவதற்கு. புரதம் நிஜமாகவே வேலை செய்திருக்கலாமே என்றார் அவர். செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம், அதுதான் தெரியவில்லை என்றாள். நாளைக்குச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார். மனைவி பெயர் கட்டுரையில் வரப்போகிறது என்று தெரு முழுக்க அவர் தண்டோரா போட்டு முடித்திருந்தார்.

"இப்போதைக்கு இது வெறும் தப்புங்க, நாளைக்கு வரைக்கும் மறைச்சா பொய்யி. போனை வைங்க."

பேராசிரியர் எண்ணை அழுத்தினாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மேடைக்குப் போகிறவர் போனை ஊமையாக்கியிருப்பார் என்றார் நெட்டையர். மாநாட்டு அலுவலகத்தின் எண்ணைத் தேடி அவர் கணினிப் பக்கம் ஓடினார். பத்து ஐம்பத்திரண்டு. சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தபடி, மூன்றாவது தடவையாக அழுத்திவிட்டு மூடியக்கா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.