ருசி பார்த்த மசாலா

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த புதிதில் எங்கள் கஜா பெராங்கில் ஆளுக்கு ஆள் முதலாளி ஆனார்கள். நான் அம்மியில் மசாலா அரைத்து விற்ற இடத்துக்கு எதிரிலேயே ஒருவன் கடை போட்டான். வாசலெல்லாம் காகிதக் கொடி, உள்ளே ரேடியோ அலறல். மசாலா வாங்கினால் ஒரு கிளாஸ் இனாம். மிஷினில் அரைத்ததைச் சட்டியில் குவித்து, மேலே எண்ணெய் தடவி மினுக்குவான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு மினுக்கு கிடையாது.

எனக்குப் பாடம் வேறு நடத்தினான்.

"அக்கா, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா யாரு வருவா? சிரிங்க. வர்றவங்கள ருசி பாக்கச் சொல்லுங்க. அதான் இப்ப யாவாரம்."

"நீ சிரிச்சுக்கிட்டே இரு தம்பி. ஒனக்குப் பல்லு நல்லாருக்கு."

அந்தப் பல்லைப் பார்த்துத்தான் சனமும் போனது. ஒரு கிளாசுக்கு வாயைப் பிளக்கிற சனம். என் வாடிக்கை பாதி கரைந்தது. மீதி நம்பிக்கை செட்டிக் கம்பத்துப் பார்ச்சு. அந்தக் கிராமத்துச் செட்டிகளும் நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள்தான், பேச்சு மட்டும் மலாய். முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிற அந்த நாளுக்கு வீட்டுக்கு வீடு என்னிடம்தான் மசாலா வாங்குவார்கள். அதுவும் போனால் நான் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் பால் மரம் சீவ வேண்டியதுதான்.

பார்ச்சுக்கு முந்தின நாள், எனக்கு வாடிக்கையான செட்டியம்மா பாத்திரத்தோடு நேராக எதிர்க்கடையில் ஏறினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காதைத் திருப்பவில்லை.

அவன் மலாயில் குழைந்தான். ருசி பார்க்க, தன் மசாலாவில் வைத்த குழம்பைக் கரண்டியில் நீட்டினான். அவள் கையை மடக்கிக்கொண்டாள். விட்டானா? அவளுக்குப் போடவிருந்த மசாலாவிலேயே விரலை விட்டு நக்கி, "செடாப்!" என்று கண்ணை மூடினான். ருசியாம்.

படையலுக்குப் போகிற பண்டத்தை முன்னோருக்கு வைப்பதற்கு முன்னால் யார் நாக்கில் வைப்பார்கள்? அவனும் வீட்டில் படைக்கிறவன்தான். எதற்கு வாங்குகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. வாய் முழுக்கச் சிரிப்பு இருந்தால் கேள்வி எப்படி வரும்?

அவள் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். இந்த மகராசன் கிளாசைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

என் முன்னால் வந்து, "காக், பார்ச்சு," என்றாள். அவள் மலாயில் அக்காவுக்குக் காக்.

எனக்குத் தெரியாதா? நிற்கட்டும் என்று அம்மியை மறுபடி கழுவினேன், அவசரப்படாமல். நான் மிளகாய் வைத்து அரைக்கத் தொடங்குவதற்குள் சேதி கம்பத்துக்குப் போய்விட்டது. பாத்திரங்களோடு பெண்கள் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். யாரையும் பார்த்து நான் சிரிக்கவில்லை. ஒருத்தியும் அங்கிருந்து நகரவில்லை.