டி.சி.யில் நான் பார்க்காமல் விட்ட கட்டம்

1. பொறுப்பு கைக்கு வந்த நாள்

"கெமிஸ்ட்ரி டீச்சர், இந்த ஸ்கூல்லயே வாய் உள்ள ஆளு நீங்கதான். கெரியர் கைடன்ஸை நீங்களே பாத்துக்கங்க."

எங்க ஹெச்.எம். இப்படித்தான் அந்தப் பொறுப்பை எங்கிட்டக் கொடுத்தாரு. பாராட்டுனாரா, குத்திக் காட்டுனாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த மே மாசம் ரிட்டயர் ஆகுறேன். எனக்கப்புறம் இந்த வேலைக்கு வரப்போற டீச்சருக்காக இதை எழுதி வைக்கிறேன். சீட்டு வாங்கிக் கொடுத்த கதையைச் சொல்ல நிறையப் பேரு இருக்காக. நான் கெடுத்த கதையை நான்தான் சொல்லணும்.

எங்களுது கம்பம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. பாதிப் பிள்ளைகளோட அப்பா அம்மா விடியக் காலையிலேயே ஜீப்புல ஏறி கம்பமெட்டு வழியா ஏலத் தோட்டத்துக்குப் போயிருவாக. ப்ளஸ் டூ முடிச்சுட்டு மே மாசம் சான்றிதழுக்கு அலைஞ்சா ஒண்ணும் கிடைக்காது. ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டுல ஒரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்குல இனிஷியலே இருக்காது. ஒரு பையனோட அப்பா பேரு மூணு காகிதத்துல மூணு விதமா இருந்துச்சு. "எதுய்யா உங்க உண்மையான பேரு?"ன்னா, "நீங்களே நல்லதா ஒண்ணைப் போடுங்க டீச்சரு"ங்கிறாரு.

அதனால நான் ஒரு முறை கொண்டு வந்தேன். ப்ளஸ் ஒன் சேர்ந்த ஜூன்லயே ஆளுக்கு ஒரு ஃபைல். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, டி.சி. நகல், எல்லாம் அதுக்குள்ள வந்துரணும். தீபாவளிக்குள்ள முடிக்காதவன் வகுப்புக்கு வெளிய. மத்த பள்ளிக்கூடத்து டீச்சருங்க வந்து பாத்துட்டுப் போனாக. எனக்குத் தலைகால் புரியல. அந்தப் பெருமையிலதான் கண்ணு அவிஞ்சு போச்சு.

2. கை தூக்குங்க

ஆறாம் வகுப்புலருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இஞ்சினியரிங் சீட்டு கிடைச்சா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், எல்லாம் அரசாங்கமே கட்டிரும். எங்க பிள்ளைகளுக்கு அது இருந்தா காலேஜ். இல்லேன்னா தோட்டமோ கடையோதான்.

அந்த வருஷம் ப்ளஸ் ஒன் 'ஏ' பிரிவுல கௌசல்யான்னு ஒருத்தி. அப்பா இல்ல. அம்மா பேச்சியம்மா ஏலக்காய் எடுக்கப் போற ஆளு. இவ கணக்கை எழுதவே மாட்டா, பாத்துட்டு விடையைச் சொல்லுவா. அப்புறம் நான் திட்டுவேன்னு ஸ்டெப் போடுவா. "இ.சி.இ. தான் டீச்சர். மதுரைப் பக்கம் கவர்மெண்ட் காலேஜ். வேற எதுவும் வேணாம்"னு முதல் வாரத்துலயே சொல்லிட்டா.

ஃபைல்ல முதல் பக்கம் படிச்ச பள்ளி விவரம். அறுபது பிள்ளைகளை ஒவ்வொண்ணாக் கேக்க எனக்குப் பொறுமை இல்ல. அடுத்த பீரியட் லேப் இருந்துச்சு. "ஆறாவதுலருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவுங்க கை தூக்குங்க"ன்னேன். அம்பது கை ஒசந்துச்சு. கௌசல்யா கையும் ஒசந்துச்சு. டிக் பண்ணிட்டு லேப்புக்கு ஓடிட்டேன். பத்தாவது வரைக்கும் அவ படிச்ச வேற அரசுப் பள்ளியோட டி.சி. நகலும் ஃபைல்லயே இருந்துச்சு. பேரு சரியா, பிறந்த தேதி சரியான்னு மட்டும் பாத்தேன்.

ரெண்டு வருஷம் அவளுக்கு ஏழரையைச் சொல்லியே வளத்தேன். காய்ச்சல்னு ஒருநாள் படுத்தா, "ஏழரையை நினைச்சு எந்திரிடி"ம்பேன். பன்னெண்டாவது ரிசல்ட்டு வந்துச்சு. கட் ஆஃப் நான் நினைச்சதுக்கு மேலேயே இருந்துச்சு. பக்கத்துல இருக்கிற ஆர்ட்ஸ் காலேஜுக்கும் ஒரு விண்ணப்பம் போடட்டுமா டீச்சர்னு கேட்டா. "எதுக்குடி வீணா? அந்த சீட்டு இல்லாதவுங்களுக்குப் போகட்டும்"னேன். அந்த வாயைத்தான் ஹெச்.எம். மெச்சிக்கிட்டாரு.

3. உதவி மையத்துல

ஏழரைக்காரப் பிள்ளைகள் சான்றிதழ் சரிபார்க்க நேர்ல வரணும்னு தேனியில இருக்கிற கலந்தாய்வு உதவி மையத்துக்குக் கூப்பிட்டாக. பேச்சியம்மா அன்னைக்குத் தோட்டத்துக்குப் போகாம வந்துருந்தாக. வர்ற வழியிலேயே கம்பத்துல ஹாஸ்டலுக்கு ஒரு வாளியும் மக்கும் வாங்கிட்டாக. சிவப்பு வாளி. அதை மடியில வச்சுக்கிட்டு மையத்து பெஞ்சுல உக்காந்திருந்தாக.

சரிபார்க்கிற சாருக்குச் சின்ன வயசுதான். ஃபைலைப் பாத்துட்டு, "இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டாரல மேடம்"னாரு. நான் சிரிச்சேன். அவரு அந்தப் பத்தாவது டி.சி.யைத் திருப்பிப் பாத்தாரு.

"மேடம், இந்தப் பிள்ளை எட்டாவதுலதான் இந்தப் பள்ளியில சேந்திருக்கு. ஏழாவது எங்க?"

"அதே ஸ்கூல்தான் சார். ஆறாவதும் அங்கனதான்."

கௌசல்யா எந்திரிச்சா. "இல்ல சார். ஆறாவது இங்கன. ஏழாவது மேல படிச்சேன். எட்டாவதுக்குத் திரும்பி வந்துட்டேன்."

"மேலன்னா?"

"கம்பமெட்டு தாண்டி சார். தோட்டத்துக்குப் பக்கத்துல."

எங்க ஊர்ல அதை யாரும் கேரளான்னு சொல்றதில்ல. காலையில போயி சாயந்தரம் வர்ற இடத்தை எவன் வேற மாநிலம்னு நினைப்பான்? மேலன்னுதான் சொல்லுவோம். நானும் அப்படிச் சொல்லி வளந்தவதான்.

அந்த சார் பேனாவைக் கீழ வச்சாரு. "அது கேரளாப் பள்ளிம்மா. இவுகளுக்கு ஏழரை வராது மேடம்."

"அதுவும் கவர்மெண்ட் ஸ்கூலுதான் சார்"னா கௌசல்யா. "தமிழ்லதான் சொல்லிக் குடுத்தாக. நம்ம பாட்டுத்தான் பாடுவோம்."

"தமிழ்நாட்டு அரசுப் பள்ளின்னு ரூல்ல இருக்கும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

நான் கத்துனேன். ஒரு வருஷம்தான சார், பச்சைப்பிள்ளை வயித்துல அடிக்கிறீகளேன்னு என்னென்னமோ கத்துனேன். வரிசையில நின்னவுக எல்லாம் திரும்பிப் பாத்தாக. அவரு டி.சி.யை என் பக்கம் திருப்பி, 'சேர்ந்த தேதி'ங்கிற கட்டத்துல விரலை வச்சாரு. எட்டாம் வகுப்பு ஜூன் மாசம்னு நல்லா, கொட்டை எழுத்துல இருந்துச்சு. அவருக்கு அதைப் பாக்க அரை நிமிஷம் ஆகல. எங்கிட்ட அந்த நகல் ரெண்டு வருஷம் இருந்துச்சு.

அதுக்கப்புறமாவது நான் வாயை மூடியிருக்கணும். எல்லாரு முன்னாலயும் கௌசல்யாகிட்டத் திரும்பி, "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"ன்னேன்.

"நீங்க கவர்மெண்ட் ஸ்கூலான்னுதான கேட்டீக டீச்சர். அதான் கை தூக்குனேன்."

அவ அழுகல. நான்தான் அழுதேன். பேச்சியம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. "சீலு வைக்கலியா டீச்சரு?"ன்னு கேட்டாக.

4. கம்பம் பஸ்

திரும்பி வர்றப்போ பேச்சியம்மா முன் சீட்டுல தூங்கிட்டாக. கௌசல்யா ஜன்னல் பக்கம், நான் அவளுக்குப் பக்கத்துல. சின்னமனூர் தாண்டுனதும் அவளா ஆரம்பிச்சா.

"அப்பா செத்த வருசம் டீச்சர் அது. தங்கச்சிக்கு ஒன்றரை வயசு. அம்மா தெனமும் போயிட்டு வர முடியாதுன்னு தோட்டத்து லயத்து வீட்டுலயே தங்குனோம். தங்கச்சியப் பாத்துக்கத்தான் என்னயக் கூட்டிட்டுப் போனாக. ஒரு வருசம் படிப்பை நிறுத்து, அடுத்த வருசம் ஏழாவது சேத்துக்கலாம்னாக. நான் ஒரே சண்டை. சாப்பிடாம கெடந்தேன். அப்புறம்தான் பக்கத்து லயத்து அக்காகிட்டத் தங்கச்சிய விட்டுட்டு அங்கன ஸ்கூல்ல சேத்துவிட்டாக. மத்தியானம் ஓடி வந்து அவளுக்குச் சோறு ஊட்டிட்டு மறுபடி ஓடுவேன்."

நான் 'உம்' கொட்டுனேன்.

"அந்த வருசம் நான் ஸ்கூலுக்கே போகாம இருந்துட்டு, திரும்பி வந்து இங்கன ஏழாவது படிச்சிருந்தா எனக்கு சீட்டு கிடைச்சிருக்குமா டீச்சர்?"

கிடைச்சிருக்கும். எனக்கு அது நல்லாத் தெரியும். படிக்காம வீட்டுல கெடந்திருந்தா உள்ள வந்திருப்பா. சண்டை போட்டுப் படிச்சதால வெளிய நிக்கிறா. முப்பது வருஷமா வாத்தியார் வேலை பாக்குறவ ஒரு பிள்ளைகிட்ட இதை எப்படிச் சொல்றது?

"தெரியலம்மா"ன்னேன்.

பொதுக் கலந்தாய்வுல வெளி மாவட்டத்துல ஒரு தனியார் காலேஜ்தான் வந்துச்சு. முதல் வருஷத்தை நான் கட்டுறேன்னு வீட்டுக்குப் போயி சொன்னேன். பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டாக. "இந்த வருசம் நீங்க கட்டுவீக ஆத்தா. மிச்ச மூணு வருசத்துக்கு நான் எந்த டீச்சருகிட்டப் போயி நிப்பேன்?" ஆர்ட்ஸ் காலேஜுல அதுக்குள்ள எல்லா இடமும் முடிஞ்சிருச்சு. ஆடி மாசம் கௌசல்யா கம்பத்துல ஒரு ஜவுளிக் கடையில வேலைக்குச் சேந்துட்டா. நான் அந்தத் தெருவழியாப் போறதை விட்டுட்டேன். கோழைத்தனம்தான். வேற பேரு இல்ல.

5. இப்போ எப்படிச் செய்யிறோம்

புதுசா வர்ற டீச்சருக்குச் சொல்றேன். ஃபைல் முக்கியமில்ல. கை தூக்கச் சொல்லவே சொல்லாதீங்க. கூட்டத்தோட கேட்டா பிள்ளைக கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒவ்வொருத்தரையா உக்கார வச்சு, "ஆறாவது எந்த ஊரு, ஏழாவது எந்த ஊரு, நடுவுல மேல போனியா"ன்னு கேளுங்க. டி.சி.யில சேர்ந்த தேதியைப் பாருங்க. மேல படிச்ச பிள்ளைன்னு தெரிஞ்சா ப்ளஸ் ஒன்லயே உண்மையைச் சொல்லி வேற வழி தேடுங்க, அப்பத்தான் ரெண்டு வருஷம் கையில இருக்கும். ஆர்ட்ஸ் காலேஜுக்கு எல்லாரையும் விண்ணப்பம் போட வையுங்க. ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். லேப் எங்கயும் ஓடிராது. இப்படிக் கேட்டதுல வருஷத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைக தெரிய வருதுக. கௌசல்யாவை மட்டும் நான் கேக்கல.

6. போன ஜூன்

மூணு வருஷம் கழிச்சு போன ஜூன் மாசம் ஆறாம் வகுப்பு அட்மிஷன்ல நான் உக்காந்திருந்தேன். கௌசல்யா தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து நின்னா. கடைச் சேலை, நெஞ்சுல பேட்ஜு. அவ சாதாரணமா, "நல்லா இருக்கீகளா டீச்சர்?"ன்னா.

"அம்மா இவளையும் மேல கூட்டிட்டுப் போறேன்னாக. நான் விடல. பன்னெண்டு முடிக்கிற வரைக்கும் இங்கனதான்"னு சொல்லிட்டு ஃபாரத்தை வாங்கி அவளே எழுதுனா.

சின்னவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்கக்கா மாதிரி கணக்குப் போட இந்த ஸ்கூல்லயே ஆளு கிடையாது தெரியுமா?"ன்னேன்.

"அப்புறம் ஏன் டீச்சர் அக்கா காலேஜுக்குப் போகல?"

"எனக்குப் பிடிக்கல, போகல"ன்னா கௌசல்யா, தலை நிமிராமலே.

என்னால அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. "பொய்யி. உங்கக்காவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நான்தான் ஒரு தேதியப் பாக்காம விட்டுட்டேன். என் தப்பும்மா"ன்னேன். ஒரு பிள்ளை முன்னால அதை வாய்விட்டுச் சொன்னது அன்னைக்குத்தான்.

கௌசல்யா பேனாவை வச்சுட்டு தங்கச்சியை வெளிய மரத்தடிக்கு அனுப்புனா. அவ போனதும் எங்கிட்டக் குனிஞ்சு மெதுவாச் சொன்னா.

"இவ்வளவு போதும் டீச்சர். எந்த வருசம், எதுக்காக மேல போனேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீக. தன்னாலதான்னு நினைச்சுக்கிருவா."