வாய் திறந்திருந்த முகம்

பார்வையற்றவர்களிடம் மட்டும் நான் பொய் சொன்னேன். பார்வையுள்ளவர்களுக்கு உண்மை சுவரில் எழுதி மாட்டப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு என் குரல் ஒன்றே துணை. அந்தக் குரலால்தான் ஏமாற்றினேன்.

நீங்கள் என்னை வெறுப்பதற்கு முன் நடந்ததைக் கேட்டுவிடுங்கள். பிறகு உங்கள் விருப்பம்...

ஜார்ஜ்டவுனில், கடலுக்கு அருகே ஒரு பழைய கடைவீட்டில், ஓராங் அஸ்லி பூர்வகுடிச் சிற்பிகளின் மர முகமூடிகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பார்வையற்றவர்கள் முகமூடிகளைத் தொட்டுப் பார்க்கலாம்; தொடும்போதே காதில் மாட்டிய கருவியில் விளக்கத்தைக் கேட்கலாம். தமிழ் விளக்கத்தை எழுதிப் பேசியவள் நான். பல வருடங்கள் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தவள். நான் சொன்னால் எதையும் நம்புவார்கள் என்ற செருக்கு எனக்கு இருந்தது.

ஒரு முகமூடிக்கு மட்டும் வாய் அகலத் திறந்திருக்கும். அதைச் செதுக்கியவர் ஊசின், பகாங் மாநிலத்தில் ஓர் ஆற்றோரக் கிராமத்துக்காரர். ஏறத்தாழ என் வயது. அது அவருடைய தங்கையின் முகம். வெள்ளத்தில் மூழ்கிய காட்டுக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டிருக்கிறாள். குரல் வந்த பக்கமெல்லாம் படகைச் செலுத்தியிருக்கிறார்கள். குரல் இடம் மாறிக்கொண்டே இருந்ததாம். பிறகு நின்றுவிட்டது. உடலும் கிடைக்கவில்லை.

"கடைசியாக அவள் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை வைத்துத்தான் செதுக்கினேன்," என்று மலாய் மொழியில் சொன்னார் ஊசின். "கண் தெரியாதவர்கள் இதைத் தொடட்டும். அவர்களுக்குப் புரியும்."

முதலில் உண்மையைத்தான் பதிவு செய்தேன், நம்புங்கள்! கண்காட்சி திறக்கும் முன், பூட்டிய கூடத்தில், நண்பகலில், அந்த முகமூடியை எதிரே வைத்துக்கொண்டு பேசினேன். 'அவள் கூப்பிட்டாள்' என்று சொன்னதும் ஒரு கணம் நிறுத்தியிருந்தேன். திரும்பப் போட்டுக் கேட்டபோது அந்த இடைவெளியில் ஒரு சத்தம் இருந்தது. மெல்லியது... நீண்டது. தெருவில் போன மோட்டாரா? ஃபெரியின் ஊதலா? மறுபடியும் கேட்டேன். இடது காதிலிருந்து வலது காதுக்கு அது மெல்ல நகர்ந்தது. ஒரே ஒலிவாங்கியில் பதிவான சத்தம் எப்படி நகரும்?

அழித்துவிட்டேன். அந்தக் கதையை இன்னொரு முறை வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பதிலுக்கு நானே ஒன்றைக் கட்டினேன். 'இவள் ஆற்றில் வாழும் தேவதை. வாய்விட்டுச் சிரிக்கிறாள். தொட்டுப் பாருங்கள், நீங்களும் அவளோடு சிரியுங்கள்.' இம்முறை பதிவு சுத்தமாக வந்தது. சரிபார்க்க அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

பயம் மட்டும்தான் காரணமா? இல்லை... பாவம், பார்வையில்லாதவர்களுக்கு எதற்கு இந்த இருட்டுக் கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் இன்று என்னைக் குடைகிறது.

கடைசி நாளன்று அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தனம் அக்கா தம் பார்வையற்றோர் சங்கத் தோழர்களோடு வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இனிப்புநீர் நோயால் பார்வையை இழந்தவர். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கைகள் முகமூடியின் மேல். காதுகளில் என் குரல்.

கூடம் அமைதியாக இருந்தது. சட்டென்று ஒருவர் சிரித்தார். அடுத்தவர் சிரித்தார். பிறகு எல்லோரும்... என் குரல் சொன்னபடியே, வாயை அகலத் திறந்து, அந்த முகத்தைப் போலவே.

தனம் அக்காவின் விரல்கள் மட்டும் முகமூடியின் வாயருகே நின்றன.

"ஏன் தங்கச்சி, இது சிரிப்புதானா? சிரிச்சா கன்னம் மேல ஏறணும்லா. இதுல கீழ இழுத்துக்கிட்டு இருக்கு."

"சிரிப்புதாங்கக்கா."

"நீ சொன்னா சரிதான்," என்று அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

நான் திரும்பினேன். முகமூடிகளை எடுத்துப் போக வந்த ஊசின் வாசலில் நின்றிருந்தார்.

"ஏன் சிரிக்கிறார்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"அவர்களுக்குப் பிடித்திருக்கிறது."

"என் தங்கையின் கதையைச் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

அவர் மேசையை நோக்கி நடந்தார். அவர்களுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு கையாக மெல்ல விலக்கி, முகமூடியைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். கைகள் வெறும் மேசையைத் தடவிக்கொண்டிருந்தன. காதுகளில் என் குரல் இன்னும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

தங்கையின் சாவைக் கேட்டுவிட்டு அவர்கள் சிரித்தார்கள் என்றுதான் ஊசின் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே... ஏன் நான் அசையவில்லை?

ஃபெரித்துறை வரை தனம் அக்கா என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார்.

"அவரு கோவமா போனாரா தங்கச்சி?"

"இல்லக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

"நல்ல மனுஷன்லா. நம்மள தொட விட்டாரே. எங்க சங்கத்துல சின்னப் பிள்ளைங்க இருக்கு, அதுங்களுக்கு இந்தக் கதைய நான் சொல்லப்போறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சொல்லுங்கக்கா," என்றேன்.

அவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். சில சமயம் கைப்பேசியில் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். அதில் பேச்சே இருக்காது. பார்வையற்ற பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் மட்டும்... நான் அதை முடியும் வரை கேட்கிறேன். பதில் அனுப்புவதில்லை.